பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ்: பென் டிரைவா, டிவிடியா, நெட்டா?

அன்புத் தங்கச்சிக்கு,

கீழக்கரையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மற்றவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் அதில் இருந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு மாடியில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறீர்கள், அவர்கள் பழகுவதற்கு என்று ஐந்து பழைய கம்ப்யூட்டர்கள் சேர்ந்திருக்கின்றன. முதலாவது, வாப்பா (அப்பா) கடையின் டாலி கணக்கு இருக்கும் கோர் 2 டுவோ டெஸ்க்டாப், விண்டோஸ் 7, டிவிடி டிரைவ் திறக்கவே மாட்டேன் என்கிறது. இரண்டாவது கிட்டத்தட்ட அதே மாதிரி டெஸ்க்டாப், விண்டோஸ் 10 போட்டு நகராமல் நிற்கிறது. மூன்றாவது பள்ளியில் உங்களுக்குக் கிடைத்த அரசு லேப்டாப், பேட்டரி செத்துப்போய் சார்ஜரில் மட்டும் ஓடுகிறது. நான்காவது, காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து கொண்டுவந்த சின்ன நெட்புக், ஆட்டம் என்270 பிராசசர், 1 ஜிபி ரேம். ஐந்தாவது ஒரு பென்டியம் 4, 512 எம்பி ரேம், அதன் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பென் டிரைவைக் கண்டுகொள்வதே இல்லை, சிடி மட்டும் படிக்கிறது.

விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸைப் போடுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். எப்படிப் போடுவது என்பதில்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கடைக்காரர் டிவிடியில் எழுதித் தருகிறேன் என்கிறார், காக்கா நெட் வழியாகவே போட்டுக்கொள் என்கிறார், கூடப் படித்த தோழி விண்டோஸுக்கு உள்ளேயே ஒரு புரோகிராம் மாதிரி போட்டுவிடலாம் என்கிறார். எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஐந்துக்கும் ஒரே வழி கிடையாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஆன் செய்ததும் எதிலிருந்து தொடங்கும், அதாவது பூட் ஆகும், உங்கள் வீட்டு நெட் எவ்வளவு தாங்கும், போடும்போது கரண்ட் இருக்குமா போகுமா, இந்த மூன்றையும் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். எந்த லினக்ஸ் நல்ல லினக்ஸ் என்பது அதற்கப்புறம் வரும் கேள்வி. எத்தனையோ பேர் ஒரு வாரம் உட்கார்ந்து வீடியோ பார்த்து லினக்ஸ் வகைகளில் மிண்டா, உபுண்டுவா என்று முடிவு செய்துவிட்டு, பென் டிரைவைச் செருகினால் பூட் ஆகாமல், லினக்ஸே வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள். எனக்கு அது ரொம்ப வருத்தமான விஷயம், ஏனென்றால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடிய சின்னத் தடங்கலாகத்தான் அது இருக்கும்.

வழியைப் பேசும் முன்னால் நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் எந்த வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் உள்ளே உப்புப் பூத்திருக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் என் மேஜைக்கு வரும் போர்டுகளைப் பார்த்தால் ரேம் சொருகும் இடத்திலும் யூஎஸ்பி வாய்களிலும் பச்சையாகக் களிம்பு ஏறி இருக்கும். இன்ஸ்டால் பாதியில் நின்றுவிட்டது, ஃபைல் காப்பி ஆகவில்லை என்று எர்ரர் வந்தது என்று கொண்டு வருகிறவர்களில் பலருக்கு லினக்ஸில் ஒரு குறையும் இருக்காது, ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டால் அதே பென் டிரைவில் ஒழுங்காக ஏறிவிடும். அதனால் ஐந்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து வையுங்கள். பவர் வயரைப் பிடுங்கிவிட்டு, ரேமை எடுத்து, பிள்ளைகள் பென்சிலுக்கு வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் அந்தத் தங்க நிறக் கால்களை இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டுத் திரும்பச் சொருகுங்கள். டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்களையும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். பென் டிரைவைச் செருக டெஸ்க்டாப்பின் முன்பக்க வாயை நம்பாதீர்கள், அதுதான் முதலில் துருப்பிடிக்கும், பின்பக்கம் போர்டோடு ஒட்டியிருக்கும் வாயில் செருகுங்கள்.

அப்புறம் போர்டில் இருக்கும் பட்டன் செல். சிஆர்2032 என்று கேட்டால் தருவார்கள், சின்னக் காசுதான். இரண்டு டெஸ்க்டாப்புக்கும் பென்டியமுக்கும் புதிது போட்டுவிடுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த செல் தீர்ந்தால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் கம்ப்யூட்டரின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று வரும். நெட் வழியாக இன்ஸ்டால் செய்தாலோ, சர்வரில் இருக்கும் பட்டியல் எதிர்காலத் தேதியில் இருக்கிறது, இன்னும் செல்லுபடியாகவில்லை என்று சொல்லி நின்றுவிடும். நெட்டில்தான் கோளாறு என்று ரௌட்டரை மாற்றியவர்களும் உண்டு. தேதி மட்டுமில்லை, பூட் வரிசையை நீங்கள் மாற்றி வைத்தாலும் அது நினைவில் நிற்காது.

சரி, இப்போது ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

தோழி சொன்ன, விண்டோஸுக்கு உள்ளேயே போடும் வழி ஒரு காலத்தில் இருந்தது உண்மைதான். வுபி என்று பெயர். உபுண்டு 13.04 வந்தபோதே அதைக் கைவிட்டுவிட்டார்கள். விண்டோஸ் டிஸ்க்கில் ஒரு பெரிய ஃபைலாக லினக்ஸ் உட்கார்ந்திருக்கும், திடீரென்று கரண்ட் போனால் அந்த ஃபைல் கெடும், கெட்டால் மொத்தமும் போய்விடும். அதை மறந்துவிடுங்கள்.

கடைக்காரர் சொல்லும் டிவிடி, பத்து வருடத்துக்கு முன்னால் நானே எல்லோருக்கும் சொன்ன வழி. இன்று உங்கள் ஐந்தில் பலவற்றுக்கு அது ஆகாது. ஒன்றில் டிரைவ் திறக்கவில்லை, நெட்புக்கில் டிரைவே கிடையாது. திறக்கிற டிரைவிலும் நம் ஊர் ஈரத்தில் லென்ஸ் மங்கி இருக்கும், சினிமா டிவிடி தடுமாறிக்கொண்டே ஓடினாலும் ஓடிவிடும், ஆனால் இன்ஸ்டாலில் ஒரே ஒரு ஃபைல் படிக்க முடியாமல் போனாலும் வேலை நின்றுவிடும். சிடியில் 700 எம்பிதான் பிடிக்கும், மிண்ட் மாதிரி ஒரு லினக்ஸ் இப்போது 2 ஜிபிக்கு மேல். எழுதத்தான் வேண்டும் என்றால் இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் எழுதச் சொல்லுங்கள், பழைய டிரைவ்கள் மெதுவாக எழுதிய தட்டைத்தான் ஒழுங்காகப் படிக்கும்.

காக்கா சொன்ன நெட் இன்ஸ்டால் நல்ல வழிதான், அவர் இருக்கும் ஊரில். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நெட்இன்ஸ்ட் ஃபைல் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும், மற்றதையெல்லாம் இன்ஸ்டால் செய்யும்போது சர்வரிலிருந்து இறக்கிக்கொள்ளும். எல்லாமே புதிய பதிப்பாக வரும், தேவையில்லாதது ஒன்றும் ஏறாது. ஆனால் நீங்கள் போன் நெட்டில் இருக்கிறீர்கள், ஒரு நாளைக்கு இத்தனை ஜிபி என்று அளவு வேறு. மெனு, ஐகான் எல்லாம் வரும் திரைச் சூழலோடு சேர்த்துப் போட்டால் ஒரு கம்ப்யூட்டருக்கே ஒரு ஜிபிக்கு மேல் இறங்கும், அடுத்த கம்ப்யூட்டருக்கு மறுபடியும் முதலிலிருந்து இறங்கும். சாயங்காலம் எல்லோரும் போனை எடுக்கும் நேரத்தில் டவர் திணறுவது உங்களுக்கே தெரியும். லினக்ஸ் முழுவதும் ஒரே ஃபைலாக அடங்கிய ஐஎஸ்ஓவை ஒரே ஒரு தடவை, விடியற்காலையில் இறக்கி வைத்துக்கொண்டால் அது ஏறும் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அதுவே போதும். லேன் வயர் வழியாகவே பூட் செய்யும் பிஎக்ஸ்இ என்று ஒன்று உண்டு, அது இருபது முப்பது கம்ப்யூட்டர் ஒரே மாதிரி இருக்கும் பள்ளி லேபுக்குத்தான் சரி. ஐந்துக்காக அதை அமைக்க உட்கார்ந்தால் அமைப்பதற்கே இரண்டு நாள் போகும்.

ஆகவே பென் டிரைவ். இதில்தான் கொஞ்சம் நிதானமாகப் பேச நிறைய இருக்கிறது.

16 ஜிபி பென் டிரைவ் ஒன்று, தெரிந்த கடையில், நல்ல கம்பெனியுடையதாக வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் பெரிய அளவு டிரைவ்களில் பல, மேலே எழுதியிருக்கும் அளவு உள்ளே இருப்பதில்லை. அதில் வென்டாய் என்ற இலவச மென்பொருளை ஒருமுறை போட்டுவிட்டால் போதும், அப்புறம் ஐஎஸ்ஓ ஃபைல்களைச் சாதாரணமாகக் காப்பி செய்து போட்டுக்கொண்டே போகலாம், பூட் செய்யும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டிக் கேட்கும். உங்கள் கம்ப்யூட்டர்களின் பிராசசருக்கு ஏற்ப 64 பிட் ஒன்று, 32 பிட் ஒன்று என்று இரண்டு லினக்ஸ் வேண்டும் என்பதால் இது மிகவும் வசதி. பழைய பயாஸ், அதற்குப் பதிலாக வந்த புதிய யூஇஎஃப்ஐ இரண்டிலும் பூட் ஆகும். எங்காவது ஒரு பழைய போர்டில் வென்டாய் பட்டியல் வராமல் முரண்டு பிடித்தால், ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து அந்த ஒரு ஐஎஸ்ஓவை மட்டும் எழுதுங்கள். அதில் பார்ட்டிஷன் முறை என்ற இடத்தில் எம்பிஆர் என்று வைக்கவேண்டும், ஜிபிடி என்று வைத்தால் பழைய டெஸ்க்டாப் பூட் ஆகாமல் போகலாம்.

ஐஎஸ்ஓ இறங்கியதும் அது முழுசாக இறங்கியதா என்று பார்க்காமல் எழுதாதீர்கள். தளத்திலேயே ஷா256 என்று ஒரு நீண்ட எண் கொடுத்திருப்பார்கள். ரூஃபஸில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் டிக் போட்ட சின்னப் பொத்தானை அழுத்தினால் உங்கள் ஃபைலின் எண்ணைக் காட்டும். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும், ஒரு எழுத்து மாறினாலும் திரும்ப இறக்குங்கள். போன் நெட்டில் விட்டு விட்டு இறக்குகிறவர்களுக்கு இது கட்டாயம்.

பூட் ஆகவில்லை என்று எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே காரணம்தான். பழைய டெஸ்க்டாப் பயாஸில் முதல் பூட் என்ற இடத்தில் போய் யூஎஸ்பியைத் தேடுகிறார்கள், அங்கே சிடி, ஹார்ட் டிஸ்க், பிளாப்பி என்று இருக்கும், பென் டிரைவ் பெயர் இருக்காது. அந்தப் போர்டுகள் பென் டிரைவையும் ஒரு ஹார்ட் டிஸ்க்காகத்தான் எண்ணும். ஹார்ட் டிஸ்க் பூட் முன்னுரிமை என்று தனியாக இன்னொரு பக்கம் இருக்கும், அதற்குள் போனால் உங்கள் டிஸ்க்கின் பெயருக்குக் கீழே பென் டிரைவின் பெயர் நிற்கும், அதை மேலே ஏற்றிவிட வேண்டும். பென் டிரைவைச் செருகிய நிலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்தால்தான் அந்தப் பெயரே தெரியும். லேப்டாப்பில் இவ்வளவு சிரமமில்லை, லெனோவா, டெல், ஏசர் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9. ஏசரில் மட்டும் எஃப்12 பட்டியலை முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் இயக்கி வைக்கவேண்டியிருக்கும்.

இனி ஒவ்வொன்றாக உங்கள் கம்ப்யூட்டர்கள்.

இரண்டாவது டெஸ்க்டாப்பிலிருந்து தொடங்குங்கள். இழக்க ஒன்றுமில்லாத கம்ப்யூட்டர் அதுதான், அதில் கை பழகட்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அந்த போர்டில் முறைப்படி ஏறாது, ஆகவே தயங்காமல் முழுவதும் அழித்து லினக்ஸ் போடலாம். கோர் 2 டுவோ எல்லாமே 64 பிட்தான், லினக்ஸ் மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போடுங்கள். மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். 2 ஜிபி ரேமில் அது ஓடும், ஆனால் பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும், இன்னொரு 2 ஜிபி பழைய ரேம் கிடைத்தால் போடுங்கள். ஜி31 சிப்செட் உள்ள போர்டு என்றால் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது, அதையும் மனதில் வைத்து வாங்குங்கள். உடனே இன்ஸ்டால் அழுத்தாமல் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பாருங்கள், சத்தம், நெட், திரை எல்லாம் வருகிறதா என்று. அப்படி ஓடும்போதே டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்து ஹார்ட் டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். இடம் மாற்றப்பட்ட செக்டர்கள், காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு வரியிலும் பூஜ்யம் இருந்தால் நிம்மதி. காத்திருக்கும் செக்டர்கள் என்ற வரியில் எண் ஏறியிருந்தால் அந்த டிஸ்க்கில் எதையும் போடாதீர்கள், எந்த வழியில் போட்டாலும் ஆறு மாதத்தில் அழவைக்கும்.

அரசு லேப்டாப். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள், சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்துச் செய்தது. எத்தனையோ பிள்ளைகள் ஆன் செய்யும்போது வரும் அந்த இரண்டாவது வரியை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. உங்களுடையதில் அது இன்னும் இருந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள், லினக்ஸ் அந்த லேப்டாப்புக்குப் புதிய விருந்தாளி இல்லை என்பது தெரியும். ஆனால் அது பழைய பதிப்பு, அப்படியே வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம். இதற்கும் பென் டிரைவில் மிண்ட்தான். கவனிக்கவேண்டியது கரண்ட். பேட்டரி இல்லாத லேப்டாப் டெஸ்க்டாப் மாதிரிதான், கரண்ட் போன நொடியில் அணைந்துவிடும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் எந்த அறைக்கு வருகிறதோ அங்கே வைத்துப் போடுங்கள். வைஃபை பிடிக்கவில்லை என்றால் பயப்படவேண்டாம், ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் வயரில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டால் லினக்ஸ் அதை லேன் வயர் மாதிரியே எடுத்துக்கொள்ளும், அந்த நெட்டை வைத்து டிரைவர் மேனேஜரில் வைஃபைக்கு உரியதை இறக்கிக்கொள்ளலாம்.

நெட்புக்கில் இருக்கும் என்270 வெறும் 32 பிட் பிராசசர். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள், மிண்டைப் போட்டுப் பார்த்து, இந்தக் கர்னலுக்கு 64 பிட் வேண்டும் என்று ஒரு வரி வந்ததும் கம்ப்யூட்டரே கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். 32 பிட்டை ஒவ்வொருவராகக் கைவிட்டுவருகிறார்கள். மிண்ட் 19.3-உடன் நிறுத்தியது, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலர் இல்லை. டெபியன் 12-ஐ அடிப்படையாக வைத்த ஆன்டிஎக்ஸ் 23 என்ற லினக்ஸில் 32 பிட் இருக்கிறது. அதன் 32 பிட் ஐஎஸ்ஓவை இறக்கி அதே வென்டாய் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள், 1 ஜிபி ரேமில் அது சுறுசுறுப்பாக இருக்கும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், யூடியூப் அதில் நன்றாக ஓடும் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். தட்டச்சு, எழுத்து வேலை, கணக்கு, படம் வரைதல், இவற்றுக்கு அது போதும்.

வாப்பாவின் டெஸ்க்டாப்புக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் தொண்டிப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி அலுவலகக் கம்ப்யூட்டரில் விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போட உட்கார்ந்தேன். டிஸ்க்கில் விண்டோஸ் பகுதியைச் சுருக்கி இடம் எடுத்துக்கொண்டிருந்தேன், அரை மணி நேரத்தில் முடியவேண்டிய வேலை, நடுவில் கரண்ட் போனது. யூபிஎஸ் இருந்தது, அதன் பேட்டரி தாங்குமா என்று நான் பார்க்கவில்லை. திரும்ப ஆன் செய்தால் விண்டோஸும் இல்லை, கணக்கும் இல்லை. பேக்கப் இருக்கிறதா என்று கேட்டிருந்தேன், இருக்கிறது என்று சொன்னார்கள், அதைத் திறந்து பார்க்காதது என் தப்பு, உள்ளே இருந்தது நாலு வருடப் பழையது. முதலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அவர் பையனும் பில் கட்டுகளை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து ஏற்றினோம். அன்றிலிருந்து கணக்கு இருக்கும் டிஸ்க்கில் நான் லினக்ஸ் போடுவதில்லை.

டாலி விண்டோஸுக்கென்று செய்தது. லினக்ஸில் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டும் வைன் என்ற மென்பொருள் வழியாக ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள், கடைக் கணக்கை வைத்து அந்தச் சோதனை வேண்டாம். அந்த விண்டோஸ் 7 அப்படியே இருக்கட்டும். 120 ஜிபி அளவில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள், இருப்பதிலேயே சின்னது போதும். கேபினெட்டைத் திறந்து விண்டோஸ் டிஸ்க்கின் சாட்டா வயரையும் பவர் வயரையும் கழற்றிவிடுங்கள். எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி, பென் டிரைவிலிருந்து லினக்ஸ் போடுங்கள். விண்டோஸ் டிஸ்க் இணைப்பிலேயே இல்லாததால் தப்பான டிஸ்க்கை அழிக்கவோ, லினக்ஸைத் தொடக்கி வைக்கும் பூட்லோடர் இடம் மாறி அதில் போய் உட்காரவோ வழியே இல்லை. முடிந்ததும் இரண்டையும் மாட்டிவிட்டு, எது வேண்டுமோ அதை ஆன் செய்யும்போது பூட் பட்டியலில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பகலில் வாப்பாவுக்கு விண்டோஸ், சாயங்காலம் பிள்ளைகளுக்கு லினக்ஸ். லினக்ஸில் இருக்கும்போது விண்டோஸ் டிஸ்க்கைப் பிள்ளைகள் திறக்காதபடி அவர்களுக்கு நிர்வாக உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்று ஆரம்பித்துக் கொடுங்கள்.

இந்த டெஸ்க்டாப் பென் டிரைவில் பூட் ஆகவே மாட்டேன் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. எஸ்எஸ்டியைக் கழற்றி இரண்டாவது டெஸ்க்டாப்பில் மாட்டி, அதன் சொந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, அங்கே இன்ஸ்டால் செய்து, திரும்ப எடுத்து வந்து இங்கே மாட்டுங்கள். விண்டோஸை இப்படி இடம் மாற்றினால் பெரும்பாலும் நீலத் திரைதான் வரும், லினக்ஸ் அப்படி இல்லை, ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் எந்தப் போர்டில் இருக்கிறோம் என்று பார்த்து டிரைவர்களை எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை, இரண்டும் ஒரே பூட் முறையில் இருக்கவேண்டும். உங்கள் இரண்டு டெஸ்க்டாப்பும் பழைய பயாஸ் காலத்துப் போர்டுகள் என்பதால் பிரச்சினை வராது. புதிய லேப்டாப்பில் யூஇஎஃப்ஐ முறையில் இன்ஸ்டால் செய்து பழைய டெஸ்க்டாப்புக்குக் கொண்டுபோனால்தான் பூட் ஆகாமல் நிற்கும். கடலோரத்தில் டிவிடி டிரைவும் போய் யூஎஸ்பி வாயும் போன டெஸ்க்டாப்களுக்கு நான் அதிகமாகக் கையாளும் வழி இதுதான்.

வாப்பா கவனிக்கக்கூடிய ஒரு விஷயம்: லினக்ஸை ஓட்டிவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். லினக்ஸ் போர்டுக் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது, அவ்வளவுதான். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையால் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும். அப்புறம், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் இருக்கும்போது நெட் வயரைச் செருகவேண்டாம், ஜிஎஸ்டி ஃபைலைப் பென் டிரைவில் எடுத்து லினக்ஸ் பிரவுசரில் ஏற்றிக்கொள்ளலாம்.

கடைசியாகப் பென்டியம் 4. சிடி டிரைவ் படிக்கிறது என்றால் ப்ளாப் பூட் மேனேஜர் என்ற மிகச் சிறிய ஃபைலை ஒரு சிடியில் எழுதிப் போடுங்கள். சிடியிலிருந்து பூட் ஆகி, பயாஸ் காணாத பென் டிரைவை அது கண்டுபிடித்துக் கொடுக்கும், அப்புறம் 32 பிட் ஆன்டிஎக்ஸை ஏற்றலாம். ஐஎஸ்ஓவை அதற்கு வென்டாய் இல்லாமல் தனிப் பென் டிரைவில் எழுதிக்கொள்வது நல்லது. முடியும், ஆனால் செய்யவேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 512 எம்பியில் இன்றைய பிரவுசர் திறப்பதற்கே நேரமாகும், கரண்டையும் நிறைய இழுக்கும். அதைப் பிள்ளைகள் முன்னால் திறந்து வைத்து ரேம் எது, செல் எது, டிஸ்க் எது என்று கழற்றி மாட்டப் பழக்குங்கள். என் பட்டறையில் வேலை கற்ற பையன்கள் எல்லோரும் அப்படி ஒரு செத்த கம்ப்யூட்டரில்தான் கை பழகினார்கள்.

தமிழில் தட்டச்சு பற்றியும் கேட்டிருந்தீர்கள். மிண்டில் ஐபஸ், அதோடு ஐபஸ்-எம்17என் என்ற இரண்டு தட்டச்சு மென்பொருளையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை முறை கிடைக்கும். பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்தை வைத்துத் தமிழ் அடிக்கும் முறையைக் காட்டாமல் முதலிலிருந்தே தமிழ்99 பழக்குங்கள், பத்து நாளில் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை துடைத்து வையுங்கள், திங்கள் விடியற்காலையில் ஐஎஸ்ஓ இரண்டையும் இறக்குங்கள், இரண்டாவது டெஸ்க்டாப்பில் போட்டுப் பாருங்கள். வாப்பாவின் கம்ப்யூட்டரைத் தொடும் முன்னால் டாலி பேக்கப்பை எடுத்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் டாலி போட்டுத் திறந்து, இந்த மாதத்துப் பில் ஒன்று அதில் இருக்கிறதா என்று வாப்பாவையே பார்க்கச் சொல்லுங்கள். அவர் பார்த்துவிட்டேன் என்று சொன்னபிறகு கேபினெட்டைத் திறங்கள். எங்காவது நின்றுவிட்டால் திரையில் வந்த வரியை அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.